கம்பெனி வாசலுக்கு வந்த கார்

அண்ணா, அப்பாவுக்கு இருக்கும் கோபத்தில் பேனாவைப் பிடித்தால் தாள் கிழிகிறது. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். சொன்னதையும் நடந்ததையும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடியே எழுதுவேன். நானாகச் சேர்ப்பதை மட்டும் அடைப்புக்குறிக்குள் போடுகிறேன்.

அன்பு மகனுக்கு அப்பா சொல்வது. இங்கே உன் அம்மாவும் தங்கையும் நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். நான் நலமா என்று கேட்காதே, இருக்க நீ விட்டால்தானே. நீ வாங்கி அனுப்பிய வெளிநாட்டுக் கார் வந்து சேர்ந்தது. எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? பகலில் அப்பா வீட்டில் இருக்கமாட்டார் என்று பெரிய மூளைக்காரனாக யோசித்து என் கம்பெனி முகவரியைக் கொடுத்திருக்கிறாயே, அங்கே. நம் கம்பெனி செய்யும் காரை வாங்க ஆளில்லை, எல்லாரும் வெளிநாட்டுக் காருக்கு ஓடுகிறார்கள் என்று சொல்லி முதலாளி இரண்டாவது ஷிப்டை நிறுத்தப் பார்க்கிறார். அதை எதிர்த்து வாசலில் கூட்டம் போட்டிருந்தோம். நான் ஒரு டிரம் மேல் ஏறி நின்று, நம்ம கையால செஞ்ச காரை நம்ம வீட்டு ஆளுங்களே வாங்கலேன்னா வேற எவன் வாங்குவான் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உன் கார் மூக்கில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றது. காவலாளி, அந்த மகராசன், ஒலிபெருக்கியை எடுத்து, கதவுப் பிரிவு மேஸ்திரிக்கு வெளிநாட்டுக் கார் வந்திருக்கு, வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னான். டிரம் மேல் நின்றவனும் நான், அந்த மேஸ்திரியும் நான். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், சிரித்தார்கள். ஒருவன், அண்ணே, பேசி முடிச்சிட்டு வர்றீங்களா, இல்ல இப்பவே ஏசி போட்டு வைக்கட்டுமா என்று கேட்டான்.

வேறு கம்பெனிக் கார் எங்கள் வளாகத்துக்குள் நுழையக் கூடாது. அதனால் ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு, அத்தனை பேர் பார்க்க அதை நானே வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வந்ததும் நம் காரின் உறையை எடுத்துப் போர்த்தினேன். எட்டவில்லை. நம் கம்பெனிப் பெயர் பெரிதாகப் போட்ட உறைக்குக் கீழே அதன் மூக்கு துருத்திக்கொண்டு நிற்கிறது. எதிர்வீட்டுத் தையல்காரர், கால்சட்டை பத்தலையே மேஸ்திரி, கொஞ்சம் இறக்கித் தரட்டுமா என்கிறார். (அப்பா இழுத்த இழுப்பில் உறை நடுவில் கிழிந்துவிட்டது. அதைச் சொல்ல மறந்துவிட்டார்.)

எங்க செஞ்சா என்னப்பா, நல்லா இருந்தா போதாதா என்று போனில் கேட்டாய். நீ தின்றதும் படித்ததும் இங்கே நான் மாட்டிய கதவுகளால்தான். அந்தக் காரை அங்கே செய்தவனும் என்னைப் போல் ஒரு மேஸ்திரிதான், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்காமல் செய்தாயே, அதுதான் எரிகிறது. போன வாரம் மருத்துவமனை வாசலில் நம் காரின் தாழ்ந்த இருக்கையிலிருந்து உன் அம்மாவால் எழ முடியவில்லையாம். முன்பின் தெரியாத இரண்டு பேர் தூக்கிவிட்டார்களாம். என்னிடம் சொல்லாமல் உன்னிடம் போனில் அழுதிருக்கிறாள். அதுவும் எனக்கு இன்றுதான் தெரியும். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம் கம்பெனியிலேயே உயரமான இருக்கை வைத்த வண்டிக்கு எழுதிப் போட்டு மூன்று மாதத்தில் வாங்கியிருப்பேனே. இதைச் சொன்னால், அந்த மூணு மாசத்துக்கு என் முட்டியை யார் வீட்ல அடகு வைக்கிறது என்று சமையலறையிலிருந்து கேட்கிறாள். (அம்மா இன்று மாலை அந்தக் காரில் தானாகவே ஏறினாள், தானாகவே இறங்கினாள். அப்பா தூண் ஓரமாக நின்று பார்த்தார்.)

எங்கள் பெயின்ட் பிரிவில் வேலை பார்க்கும் உன் மாமா சற்று முன் வந்தான். பசங்க சொல்றது இவ்வளவுதான், அந்தக் கார் திரும்பிப் போனா நாளைக்கு முதலாளி முன்னாடி எங்களுக்காக நீதான் பேசணும், அது உன் வாசல்ல நின்னா நீ பேசக் கூடாது என்றான். எவன் வீட்டு அடுப்பு அணையும் எவன் வீட்டு அடுப்பு எரியும் என்பது நாளைப் பேச்சில் இருக்கிறது. அதற்காக ஒரு மாதமாக நான் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் உன் அம்மாவைத் தெருவில் போகிறவர்கள் தூக்கிவிடக் கூடாது. கார் நிற்கட்டும், நீயே பேசு என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அவனுக்கு நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். முதலாளியால் முடியாததை நீ செய்துவிட்டாய், என் வாயை அடைத்துவிட்டாய். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். நல்லது நினைத்துச் செய்திருக்கிறாய், உன்னை என்னவென்று திட்டுவது?

இனி ஒரு குண்டூசி அனுப்புவதானாலும் கேட்டுவிட்டு அனுப்பு. கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? படுத்துக்கொண்டு படிக்காதே. கோபம் என்னோடு இருக்கட்டும், நீ குறையொன்றும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் அப்பா

(அண்ணா, அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார். அங்கே மாமா நாளைக்குப் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறார். ஐயா, நீங்க பெரிய மனசு பண்ணி என்று தொடங்கினார். கெஞ்சாதடா, கேளு என்று அப்பா கத்தினார். மாமா மறுபடி தொடங்கி மறுபடி நிறுத்தினார். என் மூஞ்சியைப் பார்த்தா உனக்குப் பேச்சு வராது, இருட்டுல பேசிப் பாரு என்றார் அப்பா. இப்போது மாமாவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறது. எனக்கும் எழுத்து தெரியவில்லை, எனக்கு வெளிச்சம் தந்த முன்னறை விளக்கை அணைத்துவிட்டார்கள்.)