இடப்பக்கம் திரும்பிய கழுத்து

தம்பிக்கு,

உன்னை விடப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். தடுப்பு முகாமில் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள், கவனமாக எழுது என்றும் சொல்லியிருந்தாய். என் தலைசுற்றைப் பற்றியும் கேட்டிருந்தாய்.

ஐந்து வருடமாக இடப்பக்கம் திரும்பினால் நிலம் புரளும். நேற்று ஏறாவூரில் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆதம்லெவ்வைப் பரிசாரியாரிடம் போனேன். எல்லாரிடமும் சொல்வதுபோல, சுனாமியில் அடிபட்டது என்றேன். அவர் பிடரியைத் தடவிப் பார்த்தார்.

“இது அலை அடிச்சதில்ல புள்ள. துவக்குப் பிடியால அடிச்சது. ஆரு?”

கேட்டுக்கொண்டே அவர் என் தாடையைப் பிடித்து ஒரே திருகாகத் திருகினார். காதுக்குள் எலும்பு நொறுங்குவதுபோல் கேட்டது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் இரத்தம். சுனாமிக் கூடாரத்தில் என் மகள் சுகிர்தாவின் காலைக் கட்டிக்கொண்டு கிடந்த அன்றும் இதே ருசிதான். இயக்கத்துக்கென்று அவளைத் தலைமயிரில் பிடித்து இழுத்தவன் நீ. துப்பாக்கியின் பிடியால் என் பிடரியில் அடித்தவனும் நீ. அவளுக்குப் பதினான்கு வயது.

இப்போது திரும்ப முடிகிறது. அவளுடைய படம் இடப்பக்கச் சுவரில்தான் இருக்கிறது.

விட்டால் வா. அவளை எங்கே புதைத்தாய் என்று உன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

நீ சொன்னபடி கவனமாகத்தான் எழுதினேன். பிரித்துப் படிப்பவர்களுக்கும் விளங்கட்டும் என்று ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

அக்கா
வாகரை, ஆனி 2010