இலை தின்னும் வயிறு

மார்ச் 4, திங்கள்
காலை பத்து இருபதுக்குப் போன் வந்தது. ஆராய்ச்சி நிலையத்தில் மந்திக் கூண்டுக்கு முன்னால் கேமரா மாட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி சுதர்ஷினியின் தம்பி திலக்ஷன். "மச்சான், அக்காவக் குளவி கொட்டிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள... மச்சான், கேக்குதா?"
கேட்டது.

மார்ச் 6
சுதர்ஷினியைப் புதைத்தாயிற்று. அவள் கொழுந்து பறித்த தேயிலை மலையில் குளவிக்கூடு இருப்பது எல்லாருக்கும் தெரியுமாம். "ஒண்ணும் ஆவாது, கொழுந்து முத்திரும், ஏறுங்க" என்றாராம் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை. அவரே மாலையோடு வந்தார். போடவும் விட்டார்கள்.

மார்ச் 22
கருமாதி முடிந்து வேலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் என்ன செய்ய?
மந்திகளின் அறிவை அளக்கும் அதே சோதனை. கண்ணாடிக் குழாய்க்குள் தீனி. முன்பக்கம் அடிக்காமல், பொறுத்து, பக்கவாட்டு வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். அடித்தால் அடக்கம் இல்லை என்று அர்த்தம். அடுத்த சோதனையில் நான் கூரையைப் பார்ப்பேன், மந்தியும் பார்க்கிறதா? தாய் மந்தி கறுப்பி என் முகத்தையே பார்த்தது.
"இலை தின்னுற ஜாதிக்கு எதுக்குப் பொறுமை? கை நீட்டினா சாப்பாடு" என்றார் ஆராய்ச்சியை நடத்தும் சேர்.
"பொறுமையெல்லாம் பாணுக்கும் மாவுக்கும் வரிசையில நிக்கிற எங்களுக்குத்தான் சேர்" என்றான் உதவியாள் கிஷாந்த்.

மார்ச் 25
வயிறு நிறைந்த மந்திகள் குழாய்ப் பக்கமே வருவதில்லை. சேருக்கு எரிச்சல்.
"நாளைலருந்து காலைல இலை போடாதீங்க. உள்ள நல்லாப் பழுத்த வாழப்பழம் வைங்க."
"மாட்டு வயிறு மாதிரி சேர், இலைய ஊறவச்சுச் செரிக்கிறது. பட்டினி போட்டு இனிப்பு குடுத்தா ஊதிரும்."
"ஒண்ணும் ஆகாது, அழகன்."
அதே சொல். இவனுங்க எல்லாருக்கும் ஒரே வாயா?

மார்ச் 27
கறுப்பி குழாயை முன்பக்கமாகவே அறைந்தது. அப்புறம் பழத்தை எடுத்தது. இன்னொன்று. இன்னொன்று. "பாத்தீங்களா, அடக்கமே இல்ல!" — சேருக்குச் சிரிப்பு.
பசியில போட்டுட்டு அடக்கம் பாக்குறானுங்க. த்தூ.

மார்ச் 28
கறுப்பிக்கு வயிறு தவில் மாதிரி. நுவரெலியாவிலிருந்து மிருக வைத்தியர் வந்து, குழாய் விட்டுக் காற்றை எடுத்தார். பிழைக்கலாம் என்றார். அதன் குட்டி பக்கத்திலேயே இருந்து வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தது.
சேர் கேட்டார்: "அது தடவுனத வீடியோ எடுத்தீங்களா? நல்ல கிளிப் அழகன், சமூக அறிவுக்கு."
எடுக்கல.
சுதர்ஷினியத் தொடக்கூட விடல என்னைய. மொகம் வீங்கிருக்கு, பாக்காதன்னு துணியப் போட்டு மூடிட்டானுங்க. நானும் சும்மா நின்னேன்.

மார்ச் 30
திங்கட்கிழமை மறுபடி தொடங்கச் சொல்லிவிட்டு சேர் கொழும்புக்குப் போய்விட்டார். அவர் கிளம்பும்போதே மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். "வேலை போயிரும்" என்றார். போகட்டும்.

மார்ச் 31
குழாயைக் கழற்றினேன். பழக்குலையைக் கிஷாந்த் ரோட்டோரக் கடைக்குக் கொடுத்துவிட்டான். இருவரும் முள்முருங்கைக் கொழுந்து ஒடித்து வந்தோம். முதலில் குட்டி எடுத்தது. ரொம்ப நேரம் கழித்துக் கறுப்பி ஒரு இலையை வாங்கி மெல்லத் தொடங்கியது. மெல்லும் சத்தம் கேட்டது. உட்கார்ந்து அழுதுவிட்டேன். கிஷாந்த் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.
சேர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போனை அணைத்துவிட்டேன்.