ஹியரிங்தான் சரி

துண்டு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் நேர்காணலுக்காகக் குமாரபாளையம் கிளம்பிய சௌந்திரம், தூங்கும் மகள் பிரவீனாவை எழுப்பாமல் காலண்டர் தாளின் பின்புறம் எழுத உட்கார்ந்தாள். ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சில்லை.

சௌந்திரத்தின் விண்ணப்பக் கடிதம், ‘லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃபிரம் யூ’ என்று முடிந்திருந்தது. பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் பிரவீனா அதை ‘ஹியர்’ என்று திருத்தி, “டு-வுக்கு அப்பறம் ஐ.என்.ஜி. வராதும்மா. தெரியலீன்னா கேக்கோணும்” என்றாள். அம்மா பழையபடி மாற்றி அனுப்பிவிட்டதில் அவளுக்குக் கோபம்.

“பிரவீனா சாமி,
குண்டாவுல தக்காளிச் சோறு இருக்குது. காலேஜுக்குப் போறப்ப சாவியப் பக்கத்து ஊட்டுல குடுத்துரு.

கம்பெனிக்காரங்க நேத்து பதில் போட்டாங்க. ‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ’ன்னு முடிச்சிருக்காங்க, பாரு. இந்த டு, லுக் ஃபார்வர்டோட சேர்ந்தே வாரது. அதனால பின்னாடி ஐ.என்.ஜி.தான். பன்னெண்டாவதோட நின்னவ நான், உன்ற இலக்கணப் புஸ்தகத்தத்தான் மத்தியானமெல்லாம் படிச்சேன்.”

எழுதியதைப் படித்துப் பார்த்தாள். தன் கையெழுத்தே இன்று அழகாகத் தெரிந்தது. புடவைக் கொசுவத்தைச் சரிசெய்து, தலைநிமிர்ந்து வாசல்வரை போனவள், திரும்பி வந்து தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

“செயிச்சுட்டேன்னு காட்ட எழுதலை. அங்க இங்கிலீசுல பேசச் சொன்னா வார்த்த வருமான்னு பயமா இருக்குது. பஸ் ஏறுனதும் கூப்புடறேன். எடுத்துப் பேசு கண்ணு.”