ஜீப்காரர் இடுப்பு

கார்த்திகை 3, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். துணி காயவில்லை. இவருக்கு இடுப்பு வலி ஜாஸ்தி, லுங்கி கட்டவே சுவரைப் பிடிக்கிறார். கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம். வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்ட இன்று போகாதீர்கள் என்றேன். யார் கேட்டார்? சாயங்காலம் வந்து சொல்கிறார்: "முடியல செல்வி. ஞாயித்துக்கெழம புரோக்கர வரச் சொல்லிக்கீறேன். ஜீப்ப குடுத்துடலாம்."

கல்யாணமான வருஷம் வாங்கிய ஜீப். என்னைத் திட்டியிருக்கிறார், அதை ஒரு நாளும் திட்டியதில்லை. அது போனால் இவர் பாதி ஆள்தான்.

கார்த்திகை 4, புதன்

மழை இல்லை. காலையிலேயே ஏரிக்கரைக்குப் போய் நொச்சி ஒடித்து வந்தேன். இலையை விளக்கெண்ணெயில் வதக்கி, சூட்டோடு ஒத்தடம். கட்டுச்சோற்றுக்குப் பிரண்டைத் துவையல். கையில் எண்ணெய் தடவாமல் பிரண்டை நறுக்கி, ஒரே அரிப்பு. புத்தி எங்கே போயிற்றோ.

இன்று ஆள் ஏற்றவில்லை, மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு மூட்டை மட்டும். வந்தவர் தானே குனிந்து செருப்பைக் கழற்றினார்! வலி கம்மியாம். நொச்சிதான், வேறென்ன. பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். அக்கா மலை ஊர்களில் புடவை, நைட்டி விற்பவர். இவர் ஜீப்பில்தான் போய்வருவார். "பாத்து இரும்மா, கண்ணு படப்போவுது" என்றார்.

கார்த்திகை 5, வியாழன்

பட்டுவிட்டது. ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வந்தார், மறுபடி சுவர். அதே நொச்சி, அதே எண்ணெய். என் மானம் போயிற்று. மு. அக்கா கருஞ்சீரக எண்ணெய் தந்தார். தேய்க்கும்போது கேட்டேன், போன மாதம் பார்த்த டாக்டர் என்னதான் சொன்னார் என்று.

"எலும்புல ஒண்ணும் இல்லன்னாரு."

அவ்வளவுதானா?

"ஒழுங்கா உக்காருன்னாரு. நான் இன்னா நின்னுக்கினா வண்டி ஓட்டறேன்?"

கார்த்திகை 6, வெள்ளி

வாங்க வேண்டியது: பூண்டு, கற்பூரம், இவருக்குப் பனியன்.

தேன் வாங்கும் சாக்கில் நானும் வெள்ளிமலைக்கு. பின் சீட்டு, மடியில் யாருடைய கோழியோ. வடக்கனந்தல் தாண்டியதும் ஒரு பெரியவர் கை காட்டினார். உள்ளே எள் விழ இடமில்லை. இவர் என்ன செய்தார்? தான் இடப்பக்கம் நகர்ந்துகொண்டு, தனக்கு வலப்புறம், கதவோரம், அவரை உட்கார வைத்தார்! உடம்பு கியர் பக்கம், கால் மட்டும் பிரேக் பக்கம். இடுப்பு பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு. வளைவுக்கு வளைவு இப்படியே மலை ஏறுகிறார். எல்லா ஜீப்பும் இப்படித்தானாம்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூட்டை ஏற்றிய அன்று வலப்பக்கம் ஆளே இல்லை. நொச்சிக்குக் கிடைத்த பேர் காலி இடத்துக்குச் சேர வேண்டியது.

இறங்கியதும் சண்டை.

"வலி அந்த எடத்துல கீதுங்க. அங்க யாரயும் ஏத்தாதீங்க."

"மழையில நிக்கறவன வுட்டுட்டு வரச் சொல்றியா?"

"ஜீப்ப வித்துட்டா மட்டும் அவன யாரு ஏத்துவா?"

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். தேன் வாங்க மறந்தேன்.

கார்த்திகை 7, சனி

வெயில். சண்டை தீரவில்லை. ஒத்தடம் மட்டும் போட்டேன். கோபம் வேறு, இடுப்பு வேறு. பழைய தலையணை உறையில் காய்ந்த நொச்சி இலையைத் திணித்துத் தைத்து, ஜீப்பில் அந்த வலப்பக்கத்தில் கட்டிவிட்டேன். பார்த்தார். அவிழ்க்கவில்லை.

கார்த்திகை 8, ஞாயிறு

மேகமூட்டம். புரோக்கர் சாயங்காலம் வருவதாகப் பேச்சு. காலையிலேயே சவாரி போய்விட்டார். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை, சாம்பாரில் இரண்டு தடவை உப்பு.

மாலையில் மு. அக்கா மூட்டையோடு இறங்கி நேரே நம் வாசலுக்கு வந்தார். வாயெல்லாம் சிரிப்பு. "உன் வூட்டுக்காரரு இன்னா சொல்லிக்கினு வர்றாரு தெரியுமா? அந்தப் பக்கம் ஏற வந்தவங்க கிட்டல்லாம், 'அது எம் பொண்டாட்டி சீட்டு, யாரும் குந்தக்கூடாது'ன்றாரு!"

பின்னாலேயே இவர். குனிந்து தானே செருப்பைக் கழற்றினார். வலி இருக்கிறதாம், ஆனால் சுவர் வேண்டாமாம். புரோக்கர் வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார்.

"இப்ப விக்கலபா. டீ குடிச்சிட்டுப் போ."

கோழியோடு பின்னால் போனவளுக்கு முன் சீட்டு. புரோக்கர் டீயில் சர்க்கரை போட்டேனா இல்லையா, நினைவே இல்லை.