வலது கையை இறுக்காமல்

பங்குனி, புதன்கிழமை

காலையில் வற்றிய கண்மாய்க்குள் கோல்ஃப் பந்து அடித்துக்கொண்டிருந்தேன். என் கணவரின் அண்ணன் கரையில் பைக்கை நிறுத்தினார். துபாயில் கோல்ஃப் மைதானத்துக்குப் புல் வெட்டும் என் கணவர், போன விடுமுறைக்குக் கொண்டுவந்த பழைய மட்டைதான் என் கையில் இருந்தது.

"ஏத்தா, அவன் அங்க வெயில்ல காயுறான். நீ இங்க வெளையாடிக்கிட்டுத் திரியுற. ஊர்ல சிரிக்கிறாக."

மட்டையை ஓங்கி வீசினேன். பந்து இடதுபக்கம் இழுத்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் போய் விழுந்தது. அவரும் சிரித்தார்.

தப்பு எனக்கே தெரியும். பதினைந்து வருடம் கரி சுடும் மூட்டத்துக்கு விறகு வெட்டிய கை இது. கோபம் வந்தால் மட்டையையும் கோடரி மாதிரி இறுக்கிப் பிடித்துவிடுகிறது.

முள்ளுக்குள் புகுந்து பந்தை எடுத்து வந்தேன். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்தேன். வலது கையைத் தளர்த்தி, பாதி வேகத்தில் வீசினேன். பந்து நேராக மடையைத் தாண்டிப் போனது.

"இத வச்சு என்னத்தா செய்யப்போற?"

"நாளைக்கும் அடிக்கப்போறேன் மச்சான்."

துபாயிலிருந்து இவர் இன்னும் போன் செய்யவில்லை. அண்ணன் முந்திக்கொண்டு அவரிடம் புகார் சொல்லிவிட்டாரோ என்னவோ. முழங்கையில் முள் கீறியது எரிகிறது. எரியட்டும். நாளைக்கு மச்சான் ஊரையே கூட்டிவந்து கரையில் நிறுத்தட்டும். வலது கையை இறுக்க மாட்டேன்.