கழுவாத கிழங்கு

என் நோரீன் அக்கா,

கிழங்குக் குவியலை இன்று பிரித்தோம். ஒன்றுகூட அழுகவில்லை. இதை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

எல்லிங்ஸ்ருட்டில் நாம் சேர்ந்து எடுத்த தோட்டத்துண்டின் முதல் அறுவடை நினைவிருக்கிறதா? அயர்லாந்தில் உங்கள் வீட்டில் வைப்பதுபோலவே உருளைக்கிழங்கை வைக்கலாம் என்றீர்கள். கிண்டியதைக் காயவிட்டு, வெட்டுப்பட்டதைத் தள்ளி, வைக்கோல் பரப்பிக் கூரை மாதிரிக் குவித்தோம். மேலே வைக்கோல், அதற்குமேல் மண். மண்வெட்டியின் முதுகால் தட்டி இறுக்கினீர்கள். பக்கத்துத் தோட்டத்து ஆர்னே வேலியடியில் நின்று சிரித்தார்.

"இது நோர்வே. வசந்தத்தில் ஐஸ்தான் கிண்டுவீர்கள்."

வசந்தத்தில் திறந்தால் ஒரே நாற்றம். குவிப்பதற்கு முன் நீங்கள் தேநீர் எடுக்கப் போன நேரம் பாதிக் கிழங்கை நான் குழாயடியில் கழுவியிருந்தேன்; அந்த ஈரத்தில்தான் எல்லாம் அழுகியது. ஊத்தையோடு எதையும் எடுத்துவைத்துப் பழக்கமில்லையே எனக்கு! மண் ஒட்டாத தோலைப் பார்த்தவுடனே உங்களுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் ஆர்னேயிடம், "என் பிழைதான், மண் போதவில்லை" என்றீர்கள். நான் குனிந்து அழுகலை வாளியில் அள்ளினேன். ஏன் அக்கா என்னைக் காப்பாற்றினீர்கள்?

போன கோடையில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். நாம் நட்ட கிழங்கு மட்டும் தோட்டத்தில் நின்றது. நான் மண்வெட்டியைத் தூக்க, என்ரை மனுசன் கத்தினார்.

"உமக்கென்ன விசரே? கடையிலை கிழங்கு இல்லையோ?"

"இருக்கு. இது நோரீன் அக்கான்ரை கிழங்கு."

பிறகு அவரேதான் லோறென்ஸ்கூக்கிலிருந்து காரில் வைக்கோல் ஏற்றிவந்தார். கார் இன்னும் மாட்டுக்கொட்டில் மாதிரித்தான் கிடக்கிறது. இங்கத்தைக் குளிருக்கு மண்ணை இன்னும் தடிப்பாகப் போட்டு, மேலே ஊசியிலைக் கிளைகளும் அடுக்கினோம். ஒரு கிழங்கையும் கழுவவில்லை. கை துறுதுறுத்தது, அது வேறு கதை.

இன்று ஆர்னேயும் வந்தார். ஒன்றை எடுத்து வெட்டிப் பார்த்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று, கல்லுப்போல இறுக்கமாக இருந்தது.

"நோரீன் சொன்னது சரிதான்" என்றார்.

"அன்றைக்கும் சரிதான். கழுவிக் கெடுத்தது நான்" என்றேன். மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்தது இறங்கியது. அவர் சிரிக்கவில்லை. "மண் எவ்வளவு தடிப்புப் போட்டாய்?" என்று கேட்டார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

வருகிற ஒக்டோபரில் ஆர்னேயின் தோட்டத்திலும் உங்கள் முறைப்படியே குவிக்கப்போகிறோம். யாராவது கிழங்கோடு குழாயடிப் பக்கம் போனால் கையைப் பிடித்து நிறுத்துவேன். இது சத்தியம்.

நீங்கள் காட்டிக்கொடுக்காத உங்கள் தங்கச்சி,
சாந்தி