ஐந்தாம் வீட்டுக் கூரைக் கல்

என் செல்லத் தங்கச்சி ரோஸிக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. இங்கே மில்பிடாஸில் கல் கடை வழக்கம்போல் ஏழு மணிக்குத் திறக்கிறது. கிரானைட் ஏற்றுகிறேன், இறக்குகிறேன், சாப்பிடுகிறேன். அழுகை மட்டும் இன்னும் வரவில்லை.

போன வாரம் அயர்லாந்திலிருந்து ஒரு கடிதம். பழைய கட்டடங்களை அளக்கிற வேலையில் உன்னோடு இருந்த ஒரு அம்மா எழுதியிருந்தார். கடத்தல்காரர்களைக் கண்காணிக்கக் கட்டிய அந்தக் கடற்காவலர் வீடுகள் ஆறும் ஒரே வரிசை, ஜன்னலெல்லாம் கடலைப் பார்த்து, கோடியில் ஒரு கோபுரம். நீ அளந்து வரைந்து, பெருமையாக எனக்கும் ஒரு பிரதி அனுப்பினாயே, அதே வீடுகள்தான். ஐந்தாம் வீட்டுக்கு மறுபடி, ஓடு மாதிரி மெல்லிய கல் அடுக்கி, கூரை போடுகிறார்களாம். "பழைய ஸ்லேட் கல் மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார்.

அந்தப் படத்தில் நீ வீட்டைப் பார்த்தாய். நான் சரக்கைப் பார்த்தேன். கூரைக் கல்லை விலைக்குக் கேட்டு வீட்டுக்காரருக்கு ஃபேக்ஸ் அனுப்பியது நான்தான். தெரிந்ததும் நீ போனில் கூப்பிட்டாய்.

"அண்ணே, வாங்காதே. நீ கேட்டதாலதான் அந்தாளு கூரையைப் பிரிக்கிறான்."

"நான் வாங்கலேன்னா இன்னொருத்தன் வாங்குவான், ரோஸி."

"அவன் வாங்கட்டும். என் அண்ணன் வாங்க வேண்டாம்."

வாங்கினேன். அதற்கப்புறம் நீ பேசவில்லை. எனக்கும் வீம்பு. அடுத்து ஆஸ்பத்திரியிலிருந்துதான் போன் வந்தது.

கடிதத்தோடு, கடைக்குப் பின்னால் கல் அடுக்குகிற யார்டுக்குப் போனேன். கூரையில் கீழ் வரிசைக்குப் பெரிய கல், மேலே போகப் போகச் சின்னது என்று நீ சொல்லியிருக்கிறாய். வியாபாரத்தில் பெரியதுதான் முதலில் போகும். போய்விட்டது. மூலையில் சின்னக் கல் மட்டும் அடுக்கியிருந்தது.

பெரியதில் பாதியை வாங்கியவர் பிளசன்டனில் ஒரு டாக்டர். தோட்டத்தில் நடைபாதை போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன்.

"சார், கல்லைத் திருப்பிக் குடுங்க. புது கிரானைட் நானே போட்டுத் தர்றேன்."

"வித்த கல்லைக் கடைக்காரரே பேத்துக்கிட்டுப் போறதை இப்பதாங்க பாக்குறேன்! ஏன், கல்லுல எதாவது ப்ராப்ளமா?"

"கல்லுல இல்ல சார்."

அவர் மனைவிதான், "எடுத்துக்கட்டும், விடுங்க" என்றார். என் முகத்தில் என்ன இருந்ததோ. பெயர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் விரிசல். மழையைத் தாங்கிய கல், ஆள் மிதித்தால் தாங்குமா? விற்கும்போது எனக்கு அது தெரியும்.

உனக்குச் சொல்லத் தேவையில்லை, கூரையைக் கீழிருந்துதான் போட்டுக்கொண்டு வரவேண்டும். என்னிடம் இருப்பதெல்லாம் முடிக்கிற கல். தொடங்குகிற கல் ஊர் ஊராகக் கிடக்கிறது. டப்ளினில் ஒரு வீட்டில் (உங்கள் அயர்லாந்து டப்ளின் இல்லை, இங்கே பிளசன்டனுக்குப் பக்கத்து ஊர்), சான் ஹோஸேயில் இரண்டு வீட்டில்.

பில் புத்தகத்தில் எல்லா விலாசமும் இருக்கிறது. ஒவ்வொரு கதவாகத் தட்டுவேன். கீழ் வரிசை நிறைகிற அளவுக்குச் சேர்ந்ததும், பெட்டியோடு நானே வருகிறேன், ரோஸி. நீ அளந்த சுவர் பக்கத்தில் நின்று, முதல் கல்லை என் கையாலேயே எடுத்துக் கொடுப்பேன்.

நீ வேண்டாம் என்று சொல்லியும் வாங்கின உன் அண்ணன்,
ஜெயராஜ்